ஃபேண்டம் விமானத்தின் புகைத்தடம் வேகத்தில் மணிமாலையாக அறுந்து தெரிகிறது: உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கடந்த எட்டு மாதங்களாக, வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு கிடைக்கும் நேரத்தில், ஒரு சிறிய வான்போர் சிமுலேட்டரை எழுதி வருகிறேன். வியட்நாம் போர்க் காலத்து எஃப்-4 ஃபேண்டம் மட்டுமே இப்போதைக்கு அதில் பறக்கிறது. அந்த விமானத்தைப் பற்றிப் படித்த எவருக்கும் அதன் இரண்டு ஜே79 எஞ்சின்கள் பின்னால் விட்டுச் செல்லும் கரும்புகைதான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால், புகை சரியாக அமையாதவரை விமானமும் சரியாக அமையவில்லை என்றே கருதுகிறேன்.

ஓடுதளத்திலும் குறைந்த வேகத்திலும் புகை இயல்பாகவே வருகிறது. வேகம் வினாடிக்கு 250 மீட்டரை நெருங்கும்போது, அது தொடர்ச்சியான தடமாக இல்லாமல், சம இடைவெளியில் கோத்த மணிகளைப் போலத் தனித்தனி உருண்டைகளாகப் பிரிந்துவிடுகிறது. துகள்கள் போதவில்லை என்று எண்ணி, புகைத்துகள்களைப் பிறப்பிக்கும் நிரல் பகுதியான எமிட்டர் வினாடிக்கு வெளியிடும் எண்ணிக்கையை 120இலிருந்து 600 ஆக உயர்த்தினேன். இடைவெளி சிறிதும் குறையவில்லை; உருண்டைகள் மட்டும் மேலும் கறுத்தன. என் கணினியில் வினாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் வரையப்படும் படங்கள்) வருகிறது. 30 ஃபிரேம் மட்டுமே வரும் நண்பரின் பழைய கணினியில் இடைவெளி ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிகிறது.

இதைத் தவிர இரண்டு குறைகள் உள்ளன. ஆஃப்டர்பர்னர் (கூடுதல் விசைக்காக எஞ்சினின் பின்குழாயில் மீண்டும் எரிபொருளை எரிக்கும் அமைப்பு) சுடர் இரவில் அழகாக இருக்கிறது. பகலில் வானத்தின் மீது வெள்ளைத் தாளை ஒட்டியதுபோல் இருக்கிறது. எஞ்சினுக்குப் பின்னால் காற்று அலையும் கானலை மேலிருந்து பார்த்தால், வால் பகுதியின் விளிம்பு நீரில் கரைவதுபோல் கானலுக்குள் இழுபடுகிறது. எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்றுகூட எனக்குத் தெளிவில்லை. அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

எண்ணிக்கையை உயர்த்தியபோது இடைவெளி மாறாமல் நிறம் மட்டும் கறுத்தது என்று நீங்கள் எழுதிய வரியே காரணத்தைக் காட்டிவிடுகிறது. வினாடிக்கு 250 மீட்டர் செல்லும் விமானம், 60 ஃபிரேம் ஓடும் கணினியில், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே 4.2 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. உங்கள் எமிட்டர் அந்த ஃபிரேமுக்கு உரிய துகள்கள் அனைத்தையும், நாசில் (எஞ்சினின் வாயு வெளியேறும் வாய்) அக்கணத்தில் இருக்கும் ஒரே புள்ளியில் பிறப்பிக்கிறது. ஃபிரேமுக்கு இரண்டு துகள் பிறந்தாலும் பத்து பிறந்தாலும் அவை ஒன்றன்மேல் ஒன்றாகவே குவியும். 30 ஃபிரேமில் அந்த 4.2 மீட்டர் 8.3 மீட்டராகிறது, நண்பரின் கணினியில் நீங்கள் கண்ட இரு மடங்கு இதுதான்.

நாசிலின் முந்தைய ஃபிரேம் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து இப்போதைய இடம் வரையுள்ள கோட்டின் மீது துகள்களைப் பரப்பிப் பிறப்பியுங்கள். அப்படிப் பரப்பும்போது ஒவ்வொரு துகளுக்கும் அதற்குரிய வயதையும் கொடுக்க மறக்க வேண்டாம். கோட்டின் பின்முனையில் பிறக்கும் துகள் ஏறக்குறைய ஒரு ஃபிரேம் மூத்தது. எல்லாத் துகளுக்கும் வயது பூச்சியம் என்று தொடங்கினால், அவை விரியும் அளவில் படிக்கட்டு போன்ற வரிகள் தெரியும்.

திருப்பத்தில் விமானம் வளைந்து செல்கிறதே, நேர்கோடு போதுமா என்ற ஐயம் எழலாம். எனக்கும் எழுந்தது, கணக்கிட்டுப் பார்த்தேன். அதே வேகத்தில், உயரம் மாறாத 7 ஜி (புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு சுமை) திருப்பத்தில், வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 920 மீட்டர். 4.2 மீட்டர் நேர்கோடு அந்த வட்டத்திலிருந்து விலகுவது இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே வளைகோட்டுக் கணக்குகளில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

எண்ணிக்கையை நேரத்தோடு பிணைக்காமல் தூரத்தோடு பிணைப்பதும் நல்லது. அரை மீட்டருக்கு ஒரு துகள் என்பது போன்ற ஒரு விதி, எந்த வேகத்திலும் தடத்தை அறுபடாமல் காக்கும். ஆனால் எஞ்சின் கரியை வெளியிடுவது நேரக் கணக்கில்தான். விமானம் விரைந்து சென்றால், அதே அளவு கரி நீண்ட தூரத்தில் பரவி மெலிந்துவிடும். ஆகவே எண்ணிக்கையைத் தூரம் தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு துகளின் கருமையை, வினாடிக்கு வெளியாகும் கரியின் அளவை வேகத்தால் வகுத்துத் தீர்மானியுங்கள். இந்த இரண்டையும் ஒரே எண்ணில் கலந்துவிடுவதால்தான் பலரது புகை, ஒரு வேகத்தில் மட்டும் சரியாகவும் மற்ற வேகங்களில் பொய்யாகவும் தோன்றுகிறது.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. நீங்கள் கூறியபடியே எழுதினேன். புகை இப்போது ஒரே இழையாக நீள்கிறது. ஆனால் இதற்கு முன் இல்லாத ஒரு பெரிய கோளாறு தோன்றியிருக்கிறது. ஏறக்குறைய 40 வினாடிக்கு ஒருமுறை, வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரு கருங்கோடு பாய்ந்து தோன்றுகிறது; அக்கணத்தில் விளையாட்டு அரை வினாடி உறைந்து நிற்கிறது. வேகத்தை வினாடிக்கு 200 மீட்டராகக் குறைத்தால் அது 50 வினாடிக்கு ஒருமுறை வருகிறது. யோசித்துப் பார்த்தால், பழைய நிரலிலும் ஏறக்குறைய இதே இடைவெளியில் புகை திடீரென மறைந்து புதிதாகத் தொடங்கியது நினைவுக்கு வருகிறது. அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை.

மறுமொழி 2

250ஐ 40ஆல் பெருக்கினாலும், 200ஐ 50ஆல் பெருக்கினாலும் 10,000 வருகிறது. ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் உலகின் மையப் புள்ளியை விமானம் இருக்கும் இடத்துக்கு நகர்த்தும் நிரல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டுமே?

அப்படி நகர்த்துவது தவறன்று, தேவையானதே. 32 பிட் தசம எண்ணில், மையத்திலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில், அடுத்தடுத்த இரு இடங்களுக்கு இடையிலான மிகச் சிறிய படி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். 500 கிலோமீட்டரில் அது 31 மில்லிமீட்டராகிவிடுவதால், நாசிலில் பொருத்திய சுடர் அருகிலிருந்து பார்க்கும்போது நடுங்கும். நீங்கள் மையத்தை நகர்த்தும்போது விமானத்தையும் நிலத்தையும் நகர்த்தியிருப்பீர்கள்; ஆனால் நினைவில் வைத்த முந்தைய நாசில் இடம் பழைய கணக்கிலேயே நிற்கிறது. புதிய நிரல், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 10 கிலோமீட்டர் பறந்ததாக நம்பி, அரை மீட்டருக்கு ஒன்றாக 20,000 துகள்களை ஒரே ஃபிரேமில் பிறப்பிக்கிறது. கருங்கோடும் உறைதலும் அதன் விளைவே.

மையம் நகரும் அதே ஃபிரேமில், அந்த நினைவு இடத்திலிருந்தும், உயிரோடு இருக்கும் எல்லாத் துகள்களின் இடங்களிலிருந்தும் அதே நகர்வைக் கழித்துவிடுங்கள். துகள்கள் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் வாழ்ந்தால் அங்கேயே கழிக்க வேண்டும். பழைய நிரலில் புகை மறைந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கக்கூடும். கழித்தல் முடிந்த பிறகே புதிய துகள்கள் பிறக்க வேண்டும் என்ற வரிசையும் முக்கியம். காப்புக்காக, ஒரு ஃபிரேமில் 50 மீட்டருக்கு மேல் இடம் மாறியிருந்தால் அந்த ஃபிரேமில் எதையும் பிறப்பிக்காமல் விட்டுவிடுங்கள். விமானி மீண்டும் ஓடுதளத்தில் தோன்றும் தருணங்களிலும் இது உதவும்.

சுடரும் கானலும் விமானத்தின் சொந்த ஆயத்தில் இருக்கட்டும், அதாவது அவற்றின் இடங்களை விமானத்தை வைத்தே அளக்க வேண்டும். புகை மட்டும் உலகின் ஆயத்தில் இருக்கட்டும். புகை வெளியேறியதும் காற்றோடு கலந்து, விரைவிலேயே காற்றுக்குச் சொந்தமாகிவிடுகிறது.

மறுமொழி 3

நிரல் பற்றி மற்றவர்கள் கூறிவிட்டார்கள். இந்த விமானத்தின் மீது எனக்குள்ள ஈடுபாட்டால் புகையின் நடத்தை பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு புகை என்று எழுதிவிட்டால் அது ஃபேண்டம் ஆகாது. ஜே79இன் எரியறையின் முன்பகுதியில் காற்றைவிட எரிபொருள் மிகுந்து எரிவதால் கரித்துகள்கள் உண்டாகின்றன. ஆஃப்டர்பர்னர் இல்லாத முழு விசையில் அந்தப் புகை மிகக் கனமாக இருக்கும். ஆஃப்டர்பர்னரை ஏற்றியதும், பின்குழாயில் மீண்டும் மூளும் நெருப்பு அந்தக் கரியின் பெரும்பகுதியை எரித்துவிடுவதால் தடம் மெலிந்துவிடும். வியட்நாம் வானில் பறந்த விமானிகள், பல மைல் தொலைவிலிருந்து தம்மைக் காட்டிக்கொடுத்த அந்தப் புகையை மறைக்கவே, எதிரியை எதிர்பார்க்கும் இடங்களில் எரிபொருள் கூடுதலாகச் செலவானாலும் ஆஃப்டர்பர்னரைக் குறைந்தபட்ச நிலையில் ஏற்றி வைப்பதுண்டு. உங்கள் விளையாட்டில் இந்த ஒரு முடிவை விமானியின் கையில் கொடுத்துவிட்டால், புகை வெறும் அலங்காரமாக இருக்காது. போரின் ஒரு பகுதியாகிவிடும். பிற்காலத்தில் புகை குறைந்த எரியறைகளோடு ஜே79 மாற்றியமைக்கப்பட்டது என்பதால், எந்த ஆண்டின் விமானத்தை அமைக்கிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பார்க்கும் கோணம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மெல்லிய சாம்பல் கோடாகத் தெரியும் அதே புகை, விமானம் நேர் எதிரே வரும்போது கரும்புள்ளியாகத் திரளும். ஏனெனில் நம் பார்வை தடத்தின் குறுக்கே சில மீட்டரை மட்டும் கடக்காமல், அதன் நீளத்தில் நூற்றுக்கணக்கான மீட்டரைக் கடக்கிறது. இதற்காகத் தனி நிரல் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு துகளும் பின்னணியை மறைக்கும் அளவை, அதாவது அதன் மறைப்பை, மிகச் சிறியதாக, 2 விழுக்காடு என்று வைத்தால், பத்துத் துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் 18 விழுக்காடும், நூறு நின்றால் 87 விழுக்காடும் மறையும். உங்கள் பழைய கறுத்த உருண்டைகளில் ஒரு துகளின் மறைப்பு மிக அதிகமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அதை முதலில் குறையுங்கள்.

பகல் சுடரைப் பொறுத்தவரை, உங்கள் கண்ணில் குறையாகப்படுவதில் பாதி இயற்கையே. நண்பகலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆஃப்டர்பர்னர் சுடர் மிக மங்கலாகவே தெரியும். அது ஒளி ஊடுருவும் மெல்லிய சுடர். நாசிலின் நேர் பின்னால் நின்று உள்ளே நோக்கினால் மட்டுமே பகலிலும் சுடரும். உங்கள் ஷேடர் (ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்) பின்னணியோடு சுடரின் ஒளியைக் கூட்டுகிறது. பகல் வானம் ஏற்கெனவே திரையின் உச்ச அளவை நெருங்கி நிற்பதால், சிறிது கூட்டினாலும் வெள்ளையாகிவிடுகிறது. சுடரின் பிரகாசத்தை வானத்தின் பிரகாசத்தோடு ஒரே அளவுகோலில் வைத்து, காட்சியின் வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்பச் சரிக்கட்டும் எக்ஸ்போஷர் கணக்கை இரண்டுக்கும் பொதுவாகக் கடைசியில் செய்யுங்கள். இரவில் அழகாகத் தெரிவதற்காகத் தேர்ந்த எண்ணைப் பகலுக்கும் பயன்படுத்தலாம். எக்ஸ்போஷரே அதை மங்கச் செய்துவிடும்.

சுடருக்குள் வரிசையாகத் தெரியும் வைர வடிவங்களை நிலையான படமாக ஒட்டியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். வெளியேறும் வாயுவின் அழுத்தமும் சுற்றுக் காற்றின் அழுத்தமும் பொருந்தாதபோது அதிர்வலைகள் முன்னும் பின்னுமாக எதிரொலித்து உண்டாக்குபவை அவை. அழுத்த விகிதம் மாறினால் இடைவெளியும் மாறும். இயற்பியலாளர் பிராண்ட்டில் தந்த எளிய சூத்திரத்தின்படி, முழுதும் விரிந்த தாரையின் மாக் எண்ணை (ஒலியின் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை) வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்து, வர்க்கமூலம் கண்டு, அதைத் தாரையின் விட்டத்தாலும் 1.306ஆலும் பெருக்கினால் இடைவெளி கிடைக்கும். விட்டம் 80 சென்டிமீட்டர் என்று கொண்டால், அழுத்த விகிதம் 3 ஆக இருக்கும்போது வைரங்கள் ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒன்றாகவும், விகிதம் 6 ஆகும்போது 1.6 மீட்டருக்கு ஒன்றாகவும் அமையும்.

உயரத்தில் வரும் வெண்ணிறத் தடத்தை இந்தப் புகையோடு கலக்க வேண்டாம். அது நீராவி உறைந்து உண்டாவது. வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் பொதுவாகத் தோன்றும். நாசிலிலிருந்து சற்று இடைவெளி விட்டே தொடங்கும்.

மறுமொழி 1

கானல் பற்றிய கேள்விக்கு யாரும் விடை தரவில்லை என்பதால் மீண்டும் வந்து சேர்க்கிறேன். கானல் ஷேடர் திரையில் வரைந்து முடித்த படத்திலிருந்து சற்று விலகிய ஒரு புள்ளியை எடுத்து வரைகிறது. ஃபேண்டத்தில் நாசில்கள் வாலின் கடைசியில் இல்லை. அவற்றுக்கு மேலாக வால் பகுதி பின்னோக்கி நீண்டிருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது வால் கானலுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் பக்கத்துப் புள்ளியை எடுக்கும் ஷேடர் வாலின் நிறத்தையும் அள்ளிவிடுகிறது. எடுத்த புள்ளியின் ஆழம் கானலின் ஆழத்தைவிடக் கண்ணுக்கு அருகில் இருந்தால், அந்த விலகலை விட்டுவிட்டு அசல் புள்ளியையே வரையுங்கள். கீழிருந்து, கானலின் வழியாக வாலைப் பார்க்கும்போது அது அலைவது முறையானதே. அதைத் தடுத்துவிட வேண்டாம்.

கேட்டவர்

நான்கு மாலைகள் செலவிட்டு அனைத்தையும் செய்து முடித்தேன். மையத்தை நகர்த்தும் நிரல் என்னுடையதேதான். ஆறு மாதங்களுக்கு முன் எழுதியதை முற்றிலும் மறந்திருந்தேன். துகள்களின் இடங்களைக் கிராபிக்ஸ் கார்டிலேயே கழித்த பிறகும் ஒரு ஃபிரேம் மட்டும் தடம் விலகித் துடித்தது. பிறப்பித்தல், கழித்தலுக்கு முன்பே நிகழ்வதைக் கண்டு வரிசையை மாற்றியதும் அதுவும் நின்றது. ஆழச் சோதனையைச் சேர்த்தபின் வாலின் விளிம்பு கூர்மையாக நிற்கிறது. வைரங்களின் இடைவெளியை அழுத்த விகிதத்தோடு இணைத்துவிட்டேன். எஞ்சின் கணக்கிலிருந்து வரும் அந்த விகிதம் த்ராட்டிலை அசைக்கும்போது சட்டெனத் தாவுவதால், அதை மென்மையாக்கும் வேலை மட்டும் மீதமிருக்கிறது.

துகளின் மறைப்பை 2 விழுக்காடாகக் குறைத்து, நண்பரை எதிர்த்திசையிலிருந்து பறந்து வரச் சொன்னேன். விமானம் திரையில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாத தொலைவில், அடிவானத்துக்கு மேலே ஒரு கரும்புள்ளி முதலில் தெரிந்தது. ஆஃப்டர்பர்னரைக் குறைந்தபட்ச நிலைக்கு ஏற்றச் சொன்னேன். புள்ளி கரைந்துவிட்டது, அதன்பின் அவர் எங்கே இருக்கிறார் என்று நெடுநேரம் தேட வேண்டியிருந்தது.