மறு: அணையில் நீர் இறங்கினால் தெரியும் நிலத்துக்கு என்ன சொல்?

தண்டையார்பேட்டை ஆசிரியை:
வெள்ளிக்கிழமைக்குள் புவியியல் பாடக்குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும். காவிரியின் துணையாறு பவானி. அதில் 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையின் தேக்கத்தில்தான் மோயாறும் வந்து விழுகிறது. நீர் ஏறினால் மூழ்கி, இறங்கினால் வெளிப்படும் விளிம்பு நிலம் 'டிராடவுன் சோன்'. மட்டம் ரொம்பக் குறைந்தால் டணாயக்கன்கோட்டைக் கோயிலே தலைகாட்டும். தமிழில் எப்படி எழுதலாம்?

எண்ணூர் தம்பி:
நீர்ப்பிடிப்புப் பகுதி?

ஆசிரியை:
அது மழைநீரைத் திரட்டித் தரும் மேற்பரப்பு, தம்பி. நீலகிரிச் சரிவெல்லாம் அதில் வரும். செய்தித்தாள்கள்தான் இரண்டையும் குழப்புகின்றன.

ராயபுரம் ஐயா:
'எக்கர்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? சங்கப் பாடல்களில் வருகிறதே!

மணலி அண்ணன்:
எக்கர் அலை குவித்த மணல்மேடு, ஐயா. முகத்துவாரத்துக்குப் பொருந்தும், அணைச் சேற்றுக்குப் பொருந்தாது. வருவாய்ப் பதிவேட்டில் 'ஏரி உள்வாய்' என்றே இருக்கிறது. கரைக்கு உள்ளே நீர் நிற்கும் பரப்பு. வற்றினால் அதில் பயிரும் வைப்பார்கள். அதை அணைக்கும் நீட்டலாம்.

ஆசிரியை:
உள்வாய் என்றால் என் பிள்ளைகள் பல்லைக் காட்டுவார்கள், அண்ணா. தவிர, அது முழுப் பரப்பையும் குறிக்கும். எனக்கு வேண்டியது விளிம்பு மட்டும்.

ராயபுரம் ஐயா:
சிரித்தால் சிரிக்கட்டும். வாய் என்றால் இடம். 'கண்கால் கடையிடை தலைவாய்' என்று நன்னூல் ஏழாம் வேற்றுமைக்குச் சொல்கிறது. அதே வரியில் 'தலை'யும் உண்டு. நம் கொசஸ்தலை ஆற்றைக் கொற்றலை என்றும் சொல்வார்கள், அதிலும் 'தலை' இருக்கிறது.

எண்ணூர் தம்பி:
ஐயா, ஆறு பவானி. கொசஸ்தலைக்குப் பூண்டியில் 1944லேயே அணை கட்டியாகிவிட்டது, அதை இன்னொரு நாள் பார்ப்போம். 'வற்றுநிலம்' சரிவருமா?

மணலி அண்ணன்:
வற்றுவது நீர். நிலமா வற்றும்?

ராயபுரம் ஐயா:
அப்படியானால் 'மூழ்கெழுநிலம்'. மூழ்கும், எழும். வினைத்தொகை.

ஆசிரியை:
எட்டாம் வகுப்பு, ஐயா! 'நீரிறங்கு நிலம்' என்று போடுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் தருகிறேன்.

எண்ணூர் தம்பி:
சரி. என் ஓட்டு இதற்கே.

ராயபுரம் ஐயா:
அச்சகம் காத்திருக்கிறது என்பதால் சரி.

மணலி அண்ணன்:
நான் ஒப்பவில்லை. நீர் பூமிக்குள் இறங்கும் நிலம் என்றும் இதைப் படிக்கலாம். நிலத்தடி நீர்ப் பாடத்தில் அந்தப் பொருளுக்குச் சொல் கேட்டு வருவீர்கள், அப்போது என்ன தருவோம்?