லத்தினோ பிள்ளைகளுக்கான அமைப்பில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்: போகலாமா?

பொன்னி (சான் அன்டோனியோ):
வணக்கம். இங்கே பொது நிர்வாகம் முதுகலை படிக்கிறேன். நகரின் மேற்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம், லத்தினோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழி வந்த பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கிறது. கோடையில் 10 வாரம், வாரம் 24 மணி நேரம் இன்டர்னாக வரச் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது. படிப்பில் 3 கிரெடிட் உண்டு. மாணவர் விசாவில் படிப்போடு சேர்ந்த இன்டர்ன்ஷிப் செய்யத் தேவையான சிபிடி அனுமதியைக் கல்லூரியில் கேட்டுவிட்டேன், அதில் சிக்கல் இல்லை.

போன சனிக்கிழமை அவர்கள் வகுப்பைப் பார்க்கப் போனேன். மழை பெய்தால் தன் தெருவில் தண்ணீர் தேங்குவதைப் பற்றி நகர மன்றத்தில் பேச, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடப் பேச்சு. முதல் தடவை தாளிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. நாலாவது தடவை தாளை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினாள். பாதியில் ஸ்பானிஷுக்குத் தாவினாள். யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவள் குரல் காதிலேயே இருக்கிறது. ஆனால் என் கையிருப்பை நினைத்தால் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

சேகர் (டல்லாஸ்):
போகாதேம்மா. மொத்தம் 240 மணி நேரம். டெக்சாஸில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அந்தக் கணக்கில் பார்த்தாலே 1,740 டாலர் ஆகிறது. அது போக, 3 கிரெடிட்டுக்கான கட்டணமும் உன் கையிலிருந்துதான் போகும். காசு கட்டி வேலை செய்கிற மாதிரி ஆகிவிட்டது.

என் வருத்தம் உன்னைப் பற்றி மட்டும் இல்லை. அந்த மேற்குப் பக்கத்துப் பிள்ளை நாளைக்குக் கல்லூரிக்குப் போய், தன்னை வளர்த்த அமைப்புக்கே இன்டர்னாக வர ஆசைப்பட்டால் வர முடியுமா? கோடை மூன்று மாதமும் கடையில் நின்று சம்பாதித்தால்தான் அவனுக்கு அடுத்த செமஸ்டர். சம்பளம் இல்லை என்று சொன்ன அந்த நிமிடமே அவன் விலகிப் போய்விடுவான். யாருக்காக அமைப்பு நடக்கிறதோ அவர்களே உள்ளே வர முடியாது.

ரேவதி (நியூயார்க்):
சேகர் அண்ணா, கணக்கு சரிதான். ஆனால் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த மாதிரி அமைப்புகள் பிறந்தே இருக்காது. இங்கே லத்தினோ பிள்ளைகளுக்காக அஸ்பிரா என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அந்தோனியா பந்தோஹா 1961இல் ஆரம்பித்தது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 1944இல் நியூயார்க் வந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு படித்து சமூகப் பணிக்கு வந்த பெண். பள்ளிக்குப் பள்ளி மாணவர் மன்றம் வைத்து, பிள்ளைகளைப் பேச வைத்தார்கள், கூட்டம் நடத்த வைத்தார்கள். அப்புறம் அதே அமைப்பு நகரக் கல்வி வாரியத்தின் மேல் வழக்குப் போட்டு, ஆங்கிலம் சரியாக வராத பிள்ளைகளுக்கு ஸ்பானிஷிலும் பாடம் நடத்த வேண்டும் என்று 1974இல் உடன்படிக்கை வாங்கியது.

நானும் மாணவியாக இருந்தபோது இங்கே பிராங்க்ஸ் பகுதியில், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் வருகிற ஒரு மையத்தில் சம்பளமில்லாமல் இருந்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாக்களுக்குப் போன் செய்து, பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் என் வேலை. என் ஸ்பானிஷைக் கேட்டுச் சிரிப்பார்கள், அப்புறம் வீட்டுக் கதையெல்லாம் சொல்வார்கள். இன்றைக்கு நான் செய்கிற வேலைக்கு அங்கேதான் பழகினேன். பொன்னி, போயிட்டு வாங்க.

சேகர் (டல்லாஸ்):
ரேவதி, அந்த நாட்களில் உங்கள் வாடகையை யார் கட்டினார்கள்?

ரேவதி (நியூயார்க்):
அக்கா வீட்டில் தங்கியிருந்தேன்.

சேகர் (டல்லாஸ்):
நான் சொல்ல வந்ததும் அதேதான். வாஷிங்டனுக்கு இன்டர்னாகப் போகிற, அங்கே அக்கா வீடு இல்லாத பிள்ளை என்ன செய்வான்? லத்தினோ எம்.பி.க்கள் 1978இல் தொடங்கிய சிஎச்சிஐ என்ற தொண்டு நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. நாடாளுமன்ற அலுவலகங்களுக்கு அனுப்பும் இன்டர்ன்களுக்குப் பயணச் செலவு, தங்குமிடம், கைச்செலவுப் பணம் எல்லாம் கொடுக்கிறார்கள். வெள்ளை மாளிகையே 2022 இலையுதிர் காலத்தில்தான் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. அதுவரை அங்கே போய் நிற்க முடிந்தவர்கள் யார் என்று யோசியுங்கள்.

ரேவதி (நியூயார்க்):
சிஎச்சிஐக்குப் பெரிய கம்பெனிகள் நன்கொடை கொடுக்கின்றன. மேற்குப் பக்கத்தில் நாலு நாற்காலி போட்டு நடத்துகிறவர்களை அதோடு ஒப்பிடுவது நியாயமா? தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் உழைக்கச் சட்டமும் இடம் கொடுக்கிறது.

சேகர் (டல்லாஸ்):
சட்டம் இடம் கொடுக்கலாம். அதனால் அது சரி என்று ஆகிவிடாது. நன்கொடை கேட்டு விண்ணப்பம் எழுதும்போது செலவுப் பட்டியலில் புரொஜெக்டருக்கு ஒரு வரி, சாப்பாட்டுக்கு ஒரு வரி எழுதுகிறார்கள். இன்டர்னுக்கும் ஒரு வரி எழுதலாமே. அவர்களிடம் பணம் இல்லை என்பதை நம்புகிறேன். அந்தப் பணத்தை யாரிடமும் கேட்டுப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

குமரன் (சான் ஹோசே):
எனக்கு வேறு சங்கடம். பொன்னி, அந்த இடத்தில் அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் உட்கார வேண்டாமா? அந்த மேற்குப் பக்கம் தன் தலைவர்களைத் தானே வளர்த்துக்கொண்ட இடம். அங்கே எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், பள்ளியின் மோசமான நிலையை எதிர்த்து, 1968 மே மாதம் வகுப்பைவிட்டு வெளியே நடந்தார்கள். பள்ளிகளுக்கான நிதியில் இருக்கும் ஏற்றத்தாழ்வை எதிர்த்துப் பெற்றோர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1973இல் 5-4 என்று தோற்றது. அடுத்த வருடமே அதே ஊர்க்காரர் வில்லி வெலாஸ்கஸ் வாக்காளர் பதிவு இயக்கம் ஆரம்பித்தார். "சு வோட்டோ எஸ் சு வோஸ்", உன் ஓட்டு உன் குரல் என்று வீடு வீடாகப் போனார்கள். அந்த வேலையை உங்களால் செய்யவே முடியாது. டெக்சாஸில் பதிவுப் படிவத்தை வாங்கிக் கொடுக்கக் கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் நியமனம் வேண்டும், அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும்.

ரேவதி (நியூயார்க்):
லத்தினோக்களுக்கு மட்டும் என்று யாரும் கதவை மூடவில்லை, குமரன். தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் லத்தினோ அருங்காட்சியக இன்டர்ன்ஷிப் மேல், இனம் பார்த்து எடுக்கிறார்கள் என்று 2024இல் வழக்கு வந்தது. தேர்வில் இனம் பார்ப்பதில்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் சமரசம் ஆனது.

குமரன் (சான் ஹோசே):
கதவு திறந்திருப்பது எனக்கும் தெரியும் அக்கா. அந்தப் பதினாறு வயதுப் பெண், தன்னைப் போலவே ஒருத்தி முன்னால் நின்று வகுப்பு நடத்துவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பொன்னி (சான் அன்டோனியோ):
எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதையெல்லாம் எடுத்துக்கொண்டு நேற்று இயக்குநரைப் பார்த்தேன். போன வருடம் யார் வந்தார்கள் என்று கேட்டேன். மூன்று பேர். அதில் இரண்டு பேர் அதே பகுதிப் பிள்ளைகள், அங்கேயே பயிற்சி எடுத்தவர்கள். கடையில் வேலை கிடைத்ததும் ஐந்தாவது வாரத்துக்குள் நின்றுவிட்டார்கள். கடைசி வரை இருந்தது வெளியூர் மாணவர்.

சேகர் அண்ணாவின் 240 மணி நேரக் கணக்கைக் காட்டினேன். இயக்குநர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து, இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டிய நிதி விண்ணப்பத்தைக் காட்டினார். இன்டர்னுக்கு அதில் வரியே இல்லை. "நீயே எழுது" என்றார்.

அதனால் போகிறேன். என் கோடைக்குச் சம்பளம் வராது. சேமிப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பேன். இலையுதிர் காலத்தில் அந்த நாற்காலியில், பாதியில் நின்றுபோன இரண்டு பேரில் ஒருவரைச் சம்பளத்தோடு உட்கார வைப்பதற்கான விண்ணப்பம்தான் என் முதல் வேலை. குமரன் அண்ணா, உங்களுக்கும் இது சம்மதமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சேகர் அண்ணா, மணிக்கு எவ்வளவு என்று போடட்டும்?

சேகர் (டல்லாஸ்):
15க்குக் கீழே எழுதாதே. பஸ் செலவைத் தனி வரியாகப் போடு. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.