கெக்குக்கு மாற்றிய பீர் பத்தே நாளில் பழுப்பாகிறது: காற்றுப் படாமல் மாற்றுவது எப்படி?

ஸ்கார்பரோவாசி: வணக்கம். அவசரமாக உதவி வேண்டும். வீட்டில் காய்ச்சிய ஹேசி ஐபிஏ (ஹாப்ஸ் என்ற மணப்பூ நிறையப் போட்ட கலங்கலான பீர்), நொதிக்கவிடும் கலனில் இருந்தவரை மாம்பழச் சாறு போல மஞ்சளாக, நல்ல மணத்துடன் இருந்தது. கெக்குக்கு (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்) மாற்றிய பத்தாம் நாள் தேயிலைச் சாய நிறத்துக்கு வந்து, ஹாப்ஸ் மணம் போய், நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை அடிக்கிறது. இரண்டாம் முறையாக இப்படி ஆகிறது. அடுத்ததைச் சனிக்கிழமை மாற்ற வேண்டும். தவறு எங்கே?

வாற்கோதுமை: எந்த வகை நொதிகலன், கெக்கின் மூடியைத் திறந்து ஊற்றினீர்களா, அதற்கு முன் கெக்கினுள் என்ன இருந்தது என்பதையெல்லாம் சொன்னால்தான் விடை சொல்ல முடியும்.

நுரையன்: கொதிக்கும் மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றை அதிகமாகக் கிளறியிருப்பீர்கள். எனக்குத் தெரிந்தவரை எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய கை: இதற்கு இங்கே பலமுறை விடை எழுதியிருக்கிறேன், புதியவர்கள் தேடிப் படிப்பதே இல்லை. கெக்கினுள் பத்து நொடி கரியமிலவாயுவை விடுங்கள். அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் போர்வை போலப் படிந்து பீரைக் காக்கும். பள்ளிப் பாடம்தான் இது.

வாற்கோதுமை: ஐயா, பீறிட்டு வரும் வாயு காற்றோடு கலந்துவிடும், கலந்த பின் தனியே பிரிந்து படியாது. மூடிய கெக்கில் 30 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு வாயு ஏற்றி வெளியே விட்டால், பீரைப் பழுப்பாக்கும் ஆக்சிஜன் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. ஐந்து முறை செய்தாலும் பத்து இலட்சத்தில் சுமார் 800 பங்கு மிஞ்சும்; இவ்வளவு ஹாப்ஸ் போட்ட பீருக்கு அதுவே அதிகம்.

பழைய கை: பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் கெட்டதில்லை.

வாற்கோதுமை: நீங்கள் காய்ச்சுவது கறுப்பு ஸ்டவுட். அதில் நிறம் மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்கார்பரோவாசி: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். அடியில் திருகுகுழாய் உள்ள பிளாஸ்டிக் வாளி, மூடியில் காற்றுப்பூட்டு (வாயுவை நீர் வழியே வெளியே விடும் அடைப்பு). கெக்கைத் திறந்து வைத்து, ரப்பர் குழாயை அடிவரை விட்டு இறக்கினேன். இறங்கும் நேரம் முழுவதும் காற்றுப்பூட்டு உள்நோக்கிக் களக் களக் என்று குமிழிட்டது.

வாற்கோதுமை: அந்தச் சத்தம்தான் விடை. 19 லிட்டர் பீர் வெளியேறினால் அதே அளவு காற்று வாளிக்குள் புகுகிறது, அதில் 4 லிட்டர் ஆக்சிஜன். முதலில் கெக்கை அலசத் தேவையில்லாத கிருமிநீக்கிக் கரைசலால் வாய் ததும்ப நிரப்பி மூடி, கரியமிலவாயுவால் முழுவதையும் திரவ முனை (அடிவரை குழாய் செல்லும் இணைப்பு) வழியே வெளியே தள்ளுங்கள். அப்போது உள்ளே காற்றுக்கு இடமே இராது. பிறகு கெக்கின் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் வாளியின் மூடி தெறித்துவிடும். வாளியை உயரத்தில் வைத்து, அடிக்குழாயைக் கெக்கின் திரவ முனையிலும், காற்றுப்பூட்டு இருந்த துளையை இன்னொரு குழாயால் வாயு முனையிலும் (கெக்கின் மேற்பகுதியில் திறக்கும் இணைப்பு) இணையுங்கள். பீர் கீழே இறங்க இறங்க, அதே அளவு கரியமிலவாயு மேலே திரும்பும். இணைக்கும் முன் குழாயினுள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் பீர் விட்டுத் தள்ளிவிட மறக்காதீர்கள். குளிர்ந்த பீராக இருந்தால் கெக்கின் வெளிப்புறத்தில் வியர்வைக் கோடு ஏறுவதைப் பார்த்தே அளவு தெரிந்துகொள்ளலாம்.

நுரையன்: ஆக்சிஜனை ஈர்க்கும் மெட்டாபைசல்பைட் உப்பு ஒரு சிட்டிகை போட்டாலும் நல்லது.

வாற்கோதுமை: போடலாம், ஆனால் 4 லிட்டர் ஆக்சிஜனை அது சமாளிக்காது.

ஸ்கார்பரோவாசி: சொன்னபடியே மாற்றினேன். மூடித் துளையின் ரப்பர் வளையத்தில் கசிவு இருந்ததைச் சோப்பு நீர் பூசிக் கண்டுபிடித்து முன்பே மாற்றிவிட்டேன். இன்று பன்னிரண்டாம் நாள், மஞ்சள் அப்படியே இருக்கிறது. மிக்க நன்றி.