நம் தெருக் குழு: ராத்திரி வந்த நாற்றம்

தேவி: நேற்று ராத்திரி பதினொன்றேகாலுக்கு பிளாஸ்டிக் கருகும் நாற்றம், ஜன்னலைச் சாத்தியும் போகவில்லை. வேறு யாருக்காவது வந்ததா?

முருகேசன்: இங்கேயும்தான். காலையில் குப்பை எரிஉலை வாசல் போர்டைப் பார்த்தேன், எல்லாம் பச்சை, அதாவது வரம்புக்குள். குப்பை எரியும்போது உண்டாகும் நச்சுப்பொருளான டையாக்சின் என்று ஒரு வரியே இல்லை.

சரவணன்: இருக்காது மாமா. தூசு, கார்பன் மோனாக்சைடு, சல்பர் டையாக்சைடு மாதிரி கருவி உடனுக்குடன் அளப்பவைதான் போர்டில் வரும். டையாக்சினுக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் வரம்பே ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம்தான், அவ்வளவு நுணுக்கமானதைப் பிடிக்க, புகையை அளக்கும் வேலையில் இருக்கிற நானும் இன்னொருவரும் புகைபோக்கியில் ஏறி, உள்ளே குழாயை விட்டு, புகை போகிற அதே வேகத்தில் 6 முதல் 8 மணி நேரம் உறிஞ்ச வேண்டும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் தூசுக் கணக்கு தப்பிவிடும். இறங்கும்போது முகமெல்லாம் காய்ந்திருக்கும், ஆனால் தூசையும் டையாக்சினையும் பிடித்துவைத்திருக்கும் வடிதாளையும் பிசின் குப்பியையும் பத்திரமாக லேபுக்கு அனுப்பும்வரை கையை விட மனசு வராது.

செல்வி: தம்பி, அப்போ நேற்று வந்தது டையாக்சினா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

சரவணன்: அந்த அளவில் அதற்கு நாற்றமே தெரியாது அக்கா. நாற்றம் குப்பைக் குழியிலிருந்து வந்திருக்கலாம், இல்லையென்றால் எரிவது சரியில்லை. குப்பையிலிருந்து வரும் வாயு 850 டிகிரியில் 2 விநாடியாவது இருக்க வேண்டும். அது நடந்தாலும் புகை ஆறும்போது, சுமார் 200-லிருந்து 450 டிகிரிக்குள், சாம்பல் துகள்மேல் டையாக்சின் மறுபடி உருவாகும், அதற்காகத்தான் கரித்தூளைத் தூவி பை வடிகட்டியில் பிடிக்கிறார்கள்.

தேவி: அண்ணா, எல்லாம் பச்சை என்றால் நாம் என்ன கேட்பது?

சரவணன்: முதலில் அந்தப் பச்சை ஒரு நாள் சராசரியா என்று கேளுங்கள். சராசரி என்றால் ஒரு மணி நேரம் எகிறியது அதில் கரைந்துவிடும், எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது இதுதான். பதினொன்றிலிருந்து ஒன்றுவரை அரைமணிக்கு அரைமணி கார்பன் மோனாக்சைடு, உலை வெப்பநிலை இரண்டும் வேண்டும். அந்த நேரத்தில் உலையை அணைத்தார்களா, பற்றவைத்தார்களா என்பதும். அப்புறம் கடைசி டையாக்சின் அறிக்கை, அளந்த அன்று உலை எவ்வளவு குப்பையோடு ஓடியது என்ற குறிப்போடு.

முருகேசன்: சரி, மனு நான் எழுதுகிறேன். நாற்றம் வந்தவர்கள் எல்லாரும் நேரத்தையும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் இங்கே போடுங்கள்.

செல்வி: 11.20. மேற்கிலிருந்து. மாடியில் காய்ந்த துணியிலும் நாற்றம் இருக்கிறது.