ஊருக்கு நடுவே கூட்ஸ் வண்டி: சத்தம், அதிர்வு, கேட், டேங்கர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்வது

தொடக்கப் பதிவு

சரக்குப் பாதை ஊரைப் பிளந்துகொண்டு போகும் நகரங்களில் எழுதப்படும் மனுக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "கூட்ஸ் வண்டித் தொல்லை தாங்கவில்லை, பாதையை ஊருக்கு வெளியே மாற்றவும்." புறவழிப் பாதை கேட்பதில் தப்பில்லை. ஆனால் நிலம் எடுத்து, பாலம் கட்டி, சிக்னல் போட்டு வண்டி ஓடுவதற்குள் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விடுவார்கள். அதுவரை என்ன கேட்கலாம், எதனால் எது வருகிறது, எப்படிப் பதிவு செய்தால் பதில் வரும்? களத்தில் பார்த்தவர்கள், கையாண்டவர்கள் எழுதுங்கள். புலம்பல் வேண்டாம், விவரம் போதும். (கீழே ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

சத்தக்கணக்கு

மனுவில் வெறுமனே "சத்தம்" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எந்தச் சத்தம் என்பதைக் காதாலேயே பிரிக்கலாம். வண்டி முழுக்க ஒரே சீராக இரைந்தால் அது சக்கரமும் தண்டவாளமும் சேர்ந்து எழுப்பும் உருளல் சத்தம். ஒரு குறிப்பிட்ட பெட்டி கடக்கும்போது மட்டும் "டக் டக் டக்" என்று அடித்து, அந்த அடி பெட்டியோடு கூடவே நகர்ந்து போனால் அந்தச் சக்கரத்தின் வட்டம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகியிருக்கிறது. பிரேக் பிடித்தபடியே சுழலாமல் சறுக்கியதன் அடையாளம் அது. எல்லாப் பெட்டியும் ஒரே இடத்துக்கு வரும்போது அடித்தால் வண்டியை விடுங்கள், கோளாறு பாதையில்: தண்டவாள இணைப்பு அல்லது தடம் பிரியும் பாயிண்ட்ஸ். வளைவில் மட்டும் பல்லைக் கூசவைக்கும் கீச்சொலி வந்தால் வளைவு இறுக்கமானது. ஆரம் சுமார் 300 மீட்டருக்குக் கீழே இறங்கினால் இது சகஜம்.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கீச்சொலிக்கு, வளைவுக்கு முன்னால் தண்டவாளத்தின் தலையில் உராய்வுச் சீராக்கிப் பசை பூசும் கருவி வைப்பார்கள். டப்பா காலியாகி யாரும் நிரப்பாமல் விட்டால் கீச்சொலி மறுபடியும் வந்துவிடும். "முன்பு இல்லை, இப்போது இருக்கிறது" என்றால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். உருளல் சத்தத்துக்கு மூலகாரணம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு பிரேக் கட்டை. அது ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் சக்கரத்தின் ஓடுபரப்பைச் சொரசொரப்பாக்குகிறது. கலவைப் பொருள் கட்டைக்கு மாறினால் சத்தம் 8 முதல் 10 டெசிபல் வரை குறையும். காதுக்கு ஏறக்குறைய பாதியாகக் கேட்கும். சுவிட்சர்லாந்து 2020 தொடக்கத்திலும், ஜெர்மனி அதே ஆண்டு டிசம்பரிலும் வார்ப்பிரும்புக் கட்டை போட்ட இரைச்சல் வண்டிகளுக்குத் தடை கொண்டுவந்தன.

வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வேகம் பாதியானால் உருளல் சத்தம் சுமார் 9 டெசிபல் இறங்கும். ஆனால் வண்டி கடக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதனால் இரவு முழுவதற்குமான சராசரியில் கிடைக்கும் லாபம் 6 டெசிபல்தான். கேட்டும் அதிக நேரம் பூட்டிக்கிடக்கும். அடுத்த தெருக்காரர்களையும் கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

தடுப்புச் சுவர் பற்றிப் பலருக்கும் பெரிய நம்பிக்கை. சுவர், சத்தம் பிறக்கும் இடத்துக்கும் காதுக்கும் இடையே உள்ள நேர்கோட்டை மறைத்தால்தான் வேலை செய்யும். சக்கரச் சத்தம் தரையோடு ஒட்டிப் பிறக்கிறது. பாதைக்கு நெருக்கமாக 2 மீட்டர் சுவர் இருந்தாலே தரைத்தளத்துக்கு வித்தியாசம் தெரியும். டீசல் எஞ்சினின் புகைக்குழாயோ 4 மீட்டருக்கும் மேலே. அதையும், மூன்றாம் மாடி ஜன்னலையும் அந்தச் சுவர் ஒன்றும் செய்யாது. நடுவில் ஆள் புக வழி விட்டிருந்தால் அந்த இடத்து வீடுகளுக்குப் பாதிப் பயன் போய்விடும்.

ஜல்லிக்காரர்

அதிர்வு பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். வீடு அதிர்வதும் வீடு சேதமாவதும் ஒன்றல்ல. வீட்டில் இருக்கும் மனிதருக்கு நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் அதிர்வு வேகமே உணரத் தெரியும். 1 மில்லிமீட்டரில் புகார் வரும். சாதாரண வீட்டின் அடித்தளத்துக்கு ஜெர்மானியத் தரநிலை வைக்கும் எச்சரிக்கை எல்லை, தாழ்ந்த அதிர்வெண்ணில் 5 மில்லிமீட்டர். பழைய பாரம்பரியக் கட்டடங்களுக்கு 3. ஆகவே பாத்திரம் கலகலக்கிறது என்பதை வைத்துச் சுவர் விரிசலை நிரூபிக்க முடியாது. அதே காரணத்தால், "சேதம் இல்லை, எனவே பிரச்சினை இல்லை" என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதையும் ஏற்கத் தேவையில்லை. தூக்கம் கெடுவது தனிப் பிரச்சினை.

பாதையை வேலிக்கு வெளியே நின்றே பாருங்கள். ஜல்லி சுத்தமாக, கூர்முனையோடு தெரிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சாம்பல் நிறச் சேறு படிந்து, சுற்றியுள்ள ஜல்லி வெளுத்துப் போயிருந்தால் அங்கே ஸ்லீப்பருக்கு (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) அடியில் தண்ணீர் தேங்குகிறது. வண்டி ஏறும்போது அந்த ஸ்லீப்பர் ஒரு பம்பு போல மேலும் கீழும் போய்ச் சேற்றைப் பீய்ச்சும். ஒவ்வொரு அச்சும் அங்கே விழுந்து எழும். அந்த அடிதான் பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கு வருகிறது. ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைத் திணித்து இறுக்கும் டாம்பிங் எந்திரத்தை மட்டும் விட்டுத் தூக்கி நிறுத்தினால் சில மாதத்தில் மறுபடியும் அமுங்கும். வடிகாலைத் திறந்து, கெட்ட ஜல்லியை எடுத்துப் புது ஜல்லி போட்டால்தான் நிற்கும். மனுவில் "வடிகால்" என்ற சொல் இல்லையென்றால் டாம்பிங்கோடு கணக்கை முடித்துவிடுவார்கள்.

வீட்டுப் பக்கம் செய்ய வேண்டியது: விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்துக்கு, விரிசலின் இருபுறமும் ஓர் ஆணி அடித்து இடைவெளியை அளவுகோலால் அளந்து வையுங்கள். கோடை, மழை இரண்டையும் கடந்து பார்க்க வேண்டும். களிமண் நிலம் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்குவதால் வரும் விரிசலும் பல நேரம் ரயில் தலையில் எழுதப்படுகிறது. புதுப் பாதையோ இரண்டாவது தடமோ வரப்போகிறது என்றால், வேலை தொடங்கும் முன்பே வீட்டின் நிலையைப் படம் பிடித்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட அறிக்கை வாங்கிவிடுங்கள். வேலை தொடங்கியபின் அதற்கு மதிப்பில்லை.

பூட்டியகேட்

லெவல் கிராசிங் பூட்டும் நேரம் நீளத்தை வேகத்தால் வகுப்பது மட்டுமல்ல. 1,500 மீட்டர் வண்டி மணிக்கு 25 கிலோமீட்டரில் போனால் கடக்கவே மூன்றரை நிமிடத்துக்கு மேல். அதற்கு முன் கேட் பூட்டி, அது பூட்டியது என்று உறுதியானபின்தான் சிக்னல் விழும். ஆகவே வண்டி கண்ணில் படாதபோதும் கேட் பூட்டியிருக்கும். ஆளில்லாமல் பூட்டிப் போட்டதாக நினைத்துக் குறுக்கே நுழைபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

வண்டி கேட்டை மறித்து நின்றுவிட்டால் உடனே கிளம்ப முடியாது. பிரேக் குழாயில் காற்று முழு நீளத்துக்கும் மறுபடி ஏற வேண்டும். வண்டி நீளமானால் அதற்கே பல நிமிடம். இந்த இடைவெளியில், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்குக்கு இடையே குனிந்து புகுவதுதான் மிக ஆபத்தானது. ஒவ்வொரு கப்ளிங்கிலும் கொஞ்சம் தொய்வு இருக்கும். எஞ்சின் இழுக்கும்போது அந்தத் தொய்வு பெட்டி பெட்டியாக இறுகிக்கொண்டு வரும். ஹார்ன் முன்பக்கம் ஒரு கிலோமீட்டர் தள்ளி அடித்திருக்கும், நடுப்பெட்டி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உதறும். பள்ளிக்கூடப் பக்கம் இது நடந்தால் வேகம், சத்தம் எல்லாவற்றுக்கும் முன்னால் நடைமேம்பாலம் கேளுங்கள். கூடவே, வண்டியை நிறுத்திவைக்கும் சிக்னலை இன்னொரு இடத்துக்கு நகர்த்த முடியுமா என்றும் கேளுங்கள். ஒரு சிக்னல் கம்பம் மாறியதால் தீர்ந்த கேட் தகராறுகள் உண்டு.

வாகனம் தண்டவாளத்தில் மாட்டினால் எல்லோரும் முதலில் இறங்குங்கள். தண்டவாளத்தை விட்டு விலகி, ஆனால் வண்டி வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓடுங்கள். மோதினால் சிதறும் துண்டுகள் வண்டி போகும் திசையில்தான் பறக்கும். பிறகு கேட் கம்பத்தில் எழுதியிருக்கும் கிராசிங் எண்ணைச் சொல்லித் தகவல் கொடுங்கள். தெருப் பெயர் சொன்னால் கட்டுப்பாட்டு அறைக்கு விளங்காது. பார எடையோடு வேகமாக வரும் வண்டி நிற்க ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆகலாம். ஓட்டுநர் பார்த்து நிறுத்துவார் என்பது வீண் நம்பிக்கை.

பிரேக்கட்டை

மக்கள் கண்ணில் பட்டு, உடனே சொல்ல வேண்டியவை நான்கு: அச்சுப்பெட்டியிலிருந்து (சக்கர அச்சின் முனையில் பேரிங் இருக்கும் கூடு) புகை அல்லது செந்நிறம், பிரேக் ஒட்டிக்கொண்டு தீப்பொறி சிதறும் சக்கரம், தரையில் இழுபடும் சங்கிலி அல்லது பட்டை, ஒருபக்கமாகச் சாய்ந்த சரக்கு. சொல்லும்போது நேரம், திசை, எஞ்சினிலிருந்து சுமாராக எத்தனையாவது பெட்டி என்பது போதும். பெட்டி எண் கிடைத்தால் இன்னும் நல்லது.

பேரிங் சூடாவது சின்ன விஷயமல்ல. 2023 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் ஈஸ்ட் பாலஸ்டைனில் நடந்ததைப் பாருங்கள். பாதையோர வெப்பமானி ஒரு பேரிங்கைச் சுற்றுப்புறத்தைவிட 21 டிகிரி செல்சியஸ் கூடுதலாகக் காட்டியது. அடுத்ததில் 57. அதற்கடுத்ததில் 140. மூன்றாவதுதான் ஓட்டுநருக்கு எச்சரிக்கை தந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது, 38 பெட்டிகள் தடம்புரண்டன. ஆகவே "வெப்பமானி இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் "இருக்கிறது" என்ற பதில் வரும். ஊருக்கு முன்னால் கடைசி வெப்பமானி எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, எந்த அளவில் எச்சரிக்கும், அடுத்தடுத்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, ஊருக்கு மேட்டுப்பக்கம் ஆளில்லாமல் நிறுத்திவைக்கும் வண்டி. கனடாவின் லாக்-மெகாந்திக்கில் 2013 ஜூலை 6 அன்று 72 கச்சா எண்ணெய் டேங்கர்களோடு நின்ற வண்டி தானாக உருண்டு வந்து நகர நடுவே கவிழ்ந்தது; 47 பேர் இறந்தார்கள். எஞ்சினை அணைத்தபின் காற்று பிரேக் மெல்ல இறங்கிவிட்டது. கைபிரேக் போட்டிருந்தது 7 வாகனங்களில். தேவைப்பட்டது குறைந்தது 17 என்று விசாரணைச் சோதனை காட்டியது. காற்று பிரேக் நிறுத்துவதற்கு, கைபிரேக் நிறுத்திவைப்பதற்கு. சரிவில் நிறுத்துவதை அனுமதிக்கிறார்களா, அனுமதித்தால் எத்தனை கைபிரேக், சக்கரத்தை மறிக்கும் சறுக்குக்கட்டை உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மஞ்சள்ஹெல்மெட்

டேங்கர் பற்றி. பெட்டியின் பக்கவாட்டில் ஆரஞ்சுப் பலகையோ சாய்சதுர அட்டையோ இருக்கும். அதில் உள்ள நான்கு இலக்க எண்தான் ஐ.நா. எண். 1203 பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு வகை, 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1086 வினைல் குளோரைடு. ஆரஞ்சுப் பலகையின் மேல்வரியில் எக்ஸ் எழுத்து முன்னால் வந்தால் தண்ணீர் படக்கூடாத பொருள். படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். எண்ணைத் தூரத்திலிருந்து ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தால் போதும். தீயணைப்புக்கு ஃபோன் செய்யும்போது முதல் வரியே அந்த எண்ணாக இருக்கட்டும்.

குளோரினும் எரிவாயுவும் காற்றைவிடக் கனம்; பள்ளம், சாக்கடை, சுரங்கப்பாதை வழியாகப் போகும். காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகி மேட்டுக்குப் போக வேண்டும். அம்மோனியா இயல்பில் இலேசானது என்றாலும், டேங்கரிலிருந்து குளிர்ந்து பீறிடும்போது வெண்மேகமாகத் தரையிலேயே படரும். எல்லோரும் ஓடுவது எப்போதும் சரியல்ல. நச்சுப்புகை ஏற்கெனவே தெருவில் இருந்தால் உள்ளே இருந்து ஜன்னலை அடைத்து, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்துவதே பாதுகாப்பு. எது என்று தீயணைப்புத் துறை சொல்லும் வழி, அதாவது சைரனோ குறுஞ்செய்தியோ, முன்பே ஒருமுறை ஒத்திகை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 1979 நவம்பரில் கனடாவின் மிசிசாகாவில் குளோரின் வண்டி கவிழ்ந்தபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள், ஓர் உயிரும் போகவில்லை. 2009 ஜூன் 29 அன்று இத்தாலியின் வியரெஜ்ஜோவில் அச்சு முறிந்து எரிவாயு கசிந்தபோது 32 பேர் இறந்தார்கள். வாயு வீடுகளுக்குள் புகுந்தபின் பற்றிக்கொண்டது, வெளியேற அவகாசமே இல்லை.

சத்தக்கணக்கு

பதிவேடு பற்றிக் கேட்டிருந்தார்கள். ஃபோன் செயலி ஒப்பீட்டுக்கு மட்டும். துல்லியமான அளவாக நம்பாதீர்கள். வரிசைகள் இவை: தேதி, நேரம், திசை, பெட்டி எண்ணிக்கை, கடந்த வினாடிகள், உச்ச டெசிபல், சத்த வகை. வேகத்தை இதிலிருந்தே எடுக்கலாம். 14 மீட்டர் பெட்டி 50 இருந்தால் 700 மீட்டர். 50 வினாடியில் கடந்தால் நொடிக்கு 14 மீட்டர், அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 50 கிலோமீட்டர். பெட்டி நீளம் வகைக்கு வகை மாறும், அதைச் சரியாகப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட பரிந்துரை, ரயில் சத்தம் இரவுச் சராசரியில் 44 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது. அதை வீட்டுக்கு வெளியே, முகப்பில் அளப்பார்கள். சுவருக்கு அருகே மைக்கை வைத்தால் எதிரொலியில் சுமார் 3 டெசிபல் கூடும். எங்கே வைத்து அளந்தீர்கள் என்று எழுதாவிட்டால் எதிர்த்தரப்பு அந்த ஒன்றைப் பிடித்தே மொத்தத்தையும் தள்ளிவிடும்.

ஜல்லிக்காரர்

நிலக்கரித் தூசி பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் இரண்டு வரி. ஜன்னல் விளிம்பில் படிந்த கறுப்பு எல்லாம் கரியல்ல; டயர் தூள், சமையல் புகை, பூஞ்சைகூடக் கறுப்புதான். ஆய்வகத்தில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தால் பிரிந்துவிடும். கரி என்று உறுதியானால் கேட்க வேண்டியவை: குவியலின் மேற்பரப்பைக் கூம்பாக விடாமல் சமப்படுத்தி ஏற்றுவது, மேலே பசைக்கரைசல் தெளிப்பது, காலிப் பெட்டிகளைக் கழுவுவது. கடைசியை எல்லோரும் மறக்கிறார்கள். திரும்பி வரும் காலி வண்டியும் தூசி பறக்கவிடும்.

பூட்டியகேட்

ராத்திரி முழுக்க நின்ற இடத்தில் உறுமும் எஞ்சினுக்கும் ஒரு வழி உண்டு. தானாக அணைத்து, தேவைப்பட்டால் தானாகக் கிளப்பும் கருவி இருக்கிறது. அது பொருத்திய எஞ்சினைத்தான் இரவில் அந்தத் தடத்தில் நிறுத்த வேண்டும் என்று கேட்கலாம். குளிர்ப் பிரதேசங்களில் மறுப்பார்கள். பல டீசல் எஞ்சின்களின் குளிர்விப்பில் உறைதடுப்பான் இல்லாத வெறும் தண்ணீர், அணைத்தால் உறைந்து வெடிக்கும். அந்தப் பதில் வந்தால், அதே எஞ்சினை வீடுகளை விட்டுத் தள்ளி இருக்கும் தடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் புதுக் கருவியோ செலவோ தேவையில்லை, பணி அட்டவணையில் ஒரு வரி மாறினால் போதும்.