கல்வியியற் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் எதற்கு?

வலிகாமத்தான்:
எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தில் ஒரு யோசனை வந்தது. ஆசிரியர்களை உருவாக்கும் தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகும் எங்கள் பிள்ளைகளுக்கு, வெளிநாட்டுக் கிளை அனுப்பும் காசில் மாதம் 10,000 ரூபாய் கொடுப்போம் என்று. பாதிப்பேர் கை தூக்கினார்கள், மீதிப்பேர் முகத்தைத் திருப்பினார்கள். இதுவரை மருத்துவம், பொறியியல் கிடைத்தவர்களுக்குத்தான் மாலையும் மேடையும் காசோலையும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நான் முகத்தைத் திருப்பும் கட்சி. படிப்பு இலவசம், விடுதி இருக்கிறது, அரசாங்கம் மாதக் கொடுப்பனவு தருகிறது. மூன்று வருடம் முடிந்தால் ஆசிரியர் நியமனம். நீங்கள் சொல்லும் தொகை 36 மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு 3,60,000 ரூபாய். அந்தக் காசில், சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டுக் கடையில் நிற்கும் எத்தனை பிள்ளைகளைத் திருப்பி வகுப்புக்கு அனுப்பலாம்!

பனங்கூடல்:
என் மாமா யாழ்ப்பாணம் கோப்பாயில் ஆசிரியப் பயிற்சி எடுத்த காலத்தில் முழுச் சம்பளமும் வாங்கினார். அதற்கு மேல் உதவி வேறா?

செம்பருத்தி:
பனங்கூடல் அண்ணை, உங்கள் மாமா போனது ஆசிரிய கலாசாலை. அங்கே போகிறவர்கள் ஏற்கெனவே நியமனம் பெற்ற ஆசிரியர்கள், அதனால் சம்பளம் வரும். கல்வியியற் கல்லூரிக்குப் போவது உயர்தரப் பரீட்சை முடித்து, அதன் தரப்படுத்திய புள்ளியான இசட் புள்ளியில் தெரிவாகும் பிள்ளை. இரண்டும் கோப்பாயில் இருப்பதால் சனம் இன்னும் குழப்பிக்கொள்கிறது.

நான் ஒரு கல்வியியற் கல்லூரியில் படித்து வெளியே வந்தவள். 2022இல் அரிசியும் மாவும் தாறுமாறாக ஏறியபோது எங்கள் கொடுப்பனவு 5,000 ரூபாய். சாப்பாட்டுக்கே காணாது, வீட்டிலிருந்துதான் மிச்சத்தைக் கட்டினோம். கற்பித்தல் பயிற்சி தொடங்கினால் செலவு வேறு விதம். பாடத்துக்குப் பாடம் டிமை தாள், பிரிஸ்டல் போர்ட், மார்க்கர். அடுத்த கிழமை வேறு அலகு, அதற்கு வேறு தாள். பஸ் காசு. கஞ்சி போட்டு மினுக்கிய சேலை. என்னோடு படித்த ஒருத்தி பின்னம் படிப்பிக்கப் பழைய கலண்டர் தாளைத் திருப்பி வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் அரையையும் காலையும் கையால் பொருத்திப் பார்த்தே விளங்கிக்கொண்டார்கள். பாடம் அருமை. மேற்பார்வைக்கு வந்தவர் “சாதனம் நேர்த்தியில்லை” என்று புள்ளியைக் குறைத்துவிட்டுப் போனார்.

கணக்குப்பிள்ளை:
தங்கச்சி, அந்தப் பிள்ளைக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அது மேற்பார்வையாளரின் பிழை, காசு கொடுத்துத் திருத்தும் விஷயமில்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான மகாபொலப் புலமைப்பரிசிலை எடுங்கள். 2025 பாதீட்டில் 5,000இலிருந்து 7,500 ஆக்கினார்கள். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் அறை வாடகைக்கு எடுத்திருந்த கம்பஸ் பிள்ளைக்கு அதுவும் காணவில்லை. எல்லாருக்கும் தட்டுப்பாடு என்றால் ஆசிரியருக்கு மட்டும் ஏன் முன்வரிசை?

ஸ்காபரோ சிவப்பு மிளகாய்:
காசு அனுப்புகிறவன் என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் சங்கம் உதவிசெய்து படிப்பித்த பொறியியலாளர் ஒருவர் இப்போது கனடாவில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நல்ல பெடியன், பனி விழுந்தால் என் வாசலையும் வழித்து விடுவான். ஆனால் நான் காசு போட்டது அதற்கில்லையே. வாத்தியார் ஊரில் நிற்பார்.

நெடுந்தீவுக் குதிரை:
எந்த ஊரில் நிற்பார், அதைச் சொல்லுங்கள். எங்கள் நெடுந்தீவுக்கு வருகிற ஆசிரியர் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறும்போதே இடமாற்றத்துக்கு நாள் எண்ணத் தொடங்குகிறார். குறை சொல்லவில்லை, ஒரு மணித்தியாலக் கடற்பயணம் எல்லாருக்கும் ஒத்துவராது. காற்று இறுக்கிப் படகு ஓடாவிட்டால் அன்று வகுப்பில் ஆளில்லை. தீவுப் பிள்ளை ஒன்று வாத்தியாகி வந்தால் படகை நம்பியிருக்கத் தேவையில்லை. கொடுப்பதென்றால் அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, அப்படியானால் நிபந்தனை போடுவோம். சொந்த இடத்தில் ஐந்து வருடம் படிப்பிப்பேன் என்று கையெழுத்து. இல்லையென்றால் காசைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

செம்பருத்தி:
நியமனம் எந்தப் பாடசாலைக்கு என்று முடிவுசெய்வது நாங்களா? அரசாங்கத்துக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். அவர்கள் முல்லைத்தீவுக்குப் போ என்றால் போக வேண்டியதுதான். அதற்குமேல் நீங்களும் ஒரு கடதாசி நீட்டினால், பயந்த பிள்ளை உதவியே வேண்டாம் என்று விடும்.

உங்கள் கணக்கு எல்லாம் கல்லூரி வாசலில்தான் தொடங்குகிறது. உயர்தரப் பெறுபேறு வந்து, விண்ணப்பம் கோரி, நேர்முகம் வைத்து, உள்ளே எடுக்கும் வரை எவ்வளவு காலம் போகிறது தெரியுமா? அதற்குள் வீட்டு நிலைமை பொறுக்காத பிள்ளை புடவைக்கடையில் சேர்ந்துவிடும். அங்கே மாதம் முடிய சம்பளம். கடிதம் வரும்போது, அதை விட்டுவிட்டுக் கொடுப்பனவுக்குப் போ என்று எந்தத் தாய் சொல்வாள்? கெட்டிக்காரப் பிள்ளைகளை நாங்கள் இழப்பது இங்கேதான்.

கணக்குப்பிள்ளை:
இது வேறு கதை. இதற்குக் காசு கொடுக்கலாம். காத்திருக்கும் காலத்துக்கும், பாடசாலையில் உள்ளகப் பயிற்சி செய்யும் மூன்றாம் வருடத்துக்கும், வீட்டு வருமானம் பார்த்து. விடுதியில் இருக்கும் முதல் இரண்டு வருடத்துக்கு நான் இன்னும் எதிர்தான்.

செம்பருத்தி:
அந்தக் கலண்டர் தாள் இரண்டாம் வருடத்தில் நடந்தது, அண்ணை.

கணக்குப்பிள்ளை:
அப்போ டிமை தாளும் பிரிஸ்டல் போர்ட்டும் சங்கம் மொத்தமாக வாங்கிக் கொடுக்கட்டும். காசு வேண்டாம்.

ஸ்காபரோ சிவப்பு மிளகாய்:
பஸ்ஸையும் மொத்தமாக வாங்குவோமா?

வலிகாமத்தான்:
காத்திருக்கும் காலம், மூன்றாம் வருடம் இரண்டையும் ஞாயிறு பின்னேரம் கூட்டத்தில் வைக்கிறேன். முதல் இரண்டு வருடத்துக்கு அங்கே சண்டை பிடிப்போம். மேடையும் படமும் கிடையாது, காசு நேரே வங்கிக் கணக்குக்குப் போகும். கணக்குப்பிள்ளை அண்ணை, நீங்களும் வாருங்கள். பொருளாளர் பதவிக்கு இன்னும் ஆள் இல்லை.