பிணக்கு: வீட்டுக் கோபமா, காணி வழக்கா?

கேள்வி: மார்த்தாண்டத்துக்காரி

எங்கள் ஊர்ப் பக்கம் "அவ பிணங்கிட்டு இருக்கா" என்றால் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள் சாயங்காலம் டீ போடும்போது சரியாகிவிடுவாள் என்று அர்த்தம். மலையாளத்துப் பிணக்கமும் கிட்டத்தட்ட இதுதான்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அம்மாவின் காணி பற்றி ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. தலைப்பு "காணிப் பிணக்கு தொடர்பாக". உள்ளே படித்தால் வேலிக் கதியால் (வேலிக்கு நடும் கம்பு) ஒவ்வொரு வருடமும் ஒரு சாண் நகர்ந்திருக்கிறது, கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை, எட்டு வருடமாகப் பேச்சு இல்லை. பதில் எழுத உதவுகிறேன். இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பிணக்கு என்பது ரொம்ப மென்மையாகப் படுகிறது. "தகராறு" என்று மாற்றிவிடலாமா?

பதில்: வடலியடி

மாற்றாதீங்கோ தங்கச்சி. எங்களுக்குப் பிணக்கு கடதாசிச் சொல். இலங்கையில் 1950இல் வந்த சட்டமே கைத்தொழிற் பிணக்குகள் சட்டம்தான். காணிப் பிணக்கென்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முந்தியது 1958இல் வந்த இணக்க சபை. பழைய ஆட்கள் இப்பவும் அந்தப் பெயரைத்தான் சொல்லுவினம். வாய்ப்பேச்சில் பிணக்கு என்று சொல்ல மாட்டோம், "அவையோட கதைபேச்சு இல்லை" என்போம்.

பதில்: பழைய தமிழாசிரியர்

மென்மையான சொல் என்று நினைக்க வேண்டாம் அம்மா. இணங்கு, இணக்கம் போலத்தான் பிணங்கு, பிணக்கம், பிணக்கு. பிணங்குதலுக்குப் பின்னிக்கொள்ளுதல் என்றும் பொருள் உண்டு. சங்கப் பாட்டில் "பிணங்கு அரில்" என்றால் கொடியும் கிளையும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் புதர். ஒரு கொடியை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். அதனால்தான் உறவுக்குள் வருகிற மனவேறுபாட்டுக்கு இந்தச் சொல் இவ்வளவு பொருந்துகிறது என்பது என் எண்ணம். தகராறு உருது வழியாக வந்தது, மூலம் அரபி. அங்கே தக்ரார் என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது. இங்கே நாம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொழில் தகராறுகள் சட்டம் என்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் தெருவில் அந்தச் சொல்லைக் கேட்டால் கை ஓங்கியது போல இருக்கும்.

மார்த்தாண்டத்துக்காரி

ஐயா எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம்தான் சொன்னார், வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது அவருடைய பெரியம்மா வீடாம். அம்மம்மாவின் சீதனக் காணியை இரண்டு மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்தபோது கிணற்றை மட்டும் பொதுவில் விட்டிருக்கிறார்கள். "தகராறு எண்டு எழுதினால் பெரியம்மா அழுவா" என்றார்.

பிணக்கு என்றே எழுதியாகிவிட்டது. உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், "கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்" என்று இருக்கிறது. வடலியடி அண்ணா, வழிவாய்க்கால் என்றால் நடைபாதையும் சேர்த்தா, தண்ணீர் ஓடும் வாய்க்கால் மட்டுமா?

வடலியடி

இரண்டும் சேர்த்துத்தான். உறுதியில் உள்ளபடியே எழுதுங்கோ.